வீடு சென்னைக்குள், வேலை ஒரகடத்தில்: புதிதாக வருகிறவர்களுக்கு

"அங்கேயே ஒரு வீடு எடுத்துக்க வேண்டியதுதானே?" வேலை சென்னைக்கு வெளியே ஆலைகள் நிறைந்த ஒரகடத்தில், குடியிருப்பது சென்னைக்குள் சைதாப்பேட்டையில் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒன்பது வருடமாகக் கேட்டுவிட்டேன். இந்த வருடம் எங்கள் பிரிவில் சேர்ந்த நாலைந்து பேர் மட்டும் வேறு மாதிரி கேட்டார்கள்: "அண்ணா, நானும் சிட்டியிலேயே இருக்கலாம்னு பார்க்கிறேன், எந்தப் பக்கம் வீடு தேடட்டும்?" கேண்டீனில் அவசர அவசரமாகச் சொன்னதில் பாதி விட்டுப்போனது. அதனால் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். ஒரகடம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர், கும்மிடிப்பூண்டி, சிறுசேரி என்று சென்னையைச் சுற்றி வேலைக்குப் போகிற யாருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், சென்னைக்குள் இருக்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

தனி ஆள், ஊர் விழுப்புரம் பக்கமோ வேலூர் பக்கமோ, சென்னைக்குள் உங்களுக்கென்று யாரும் இல்லை என்றால் படப்பையிலோ சிங்கப்பெருமாள்கோவிலிலோ நாலு பேராகச் சேர்ந்து அறை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகையும் மிச்சம், தூக்கமும் மிச்சம். தினமும் மூன்று மணி நேரத்தைச் சாலையில் கழிப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் உங்களைவிட உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும்.

என் விஷயத்தில் மனைவிக்கு வேலை எழும்பூரில். அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். பையன் பள்ளி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். நான் ஒரகடத்தில் குடியேறினால் நான் ஒருவன் அலையாமல் இருப்பேன், மற்ற மூன்று பேரும் அலைவார்கள். இப்படி யார் யார் எவ்வளவு அலைய வேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் எல்லோருடைய நேரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகும் சென்னைதான் சரி என்று வந்தால் தயங்காமல் இங்கேயே இருங்கள். யார் என்ன சொன்னாலும் அது நல்ல முடிவுதான்.

வீடு தேடும் முன் கம்பெனியில் கேட்க வேண்டியவை

எல்லோரும் தவறு செய்கிற இடம் இதுதான், நானும் செய்தேன். வேலை உறுதியானதும் வாடகைக்கு வீடு தேட ஆரம்பித்து, வீடு கிடைத்த பிறகு கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பது. முறை தலைகீழ். வேலைக் கடிதம் கையில் வந்த அன்றே அட்மின் பிரிவிலோ போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடமோ போய் ரூட் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த ரூட், ஒவ்வொன்றிலும் எந்தெந்த பாயிண்ட் (பஸ் நின்று ஆள் ஏற்றும் இடம்), ஒவ்வொரு பாயிண்டிலும் எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று நேரத்தோடு வேண்டும்.

அதோடு இதையும் கேளுங்கள். பஸ்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா? காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் அதே பஸ்தானா? சில இடங்களில் அவர்களுக்குத் தனி வண்டி, அது சிட்டிக்குள்ளேயே வராது, பூந்தமல்லியோடோ தாம்பரத்தோடோ நின்றுவிடும். ஓவர்டைம் பார்த்தால் திரும்ப வண்டி உண்டா? ஷிப்ட் வாரா வாரம் மாறுமா? ஜெனரல் ஷிப்டுக்கு (வழக்கமான பகல் வேலை நேரம்) ஓடும் ரூட் எல்லாம் அதிகாலை ஷிப்டுக்கும் ஓடுமா? ஆள் குறைவாக இருந்தால் இரண்டு ரூட்டை ஒன்றாக்கி விடுவார்கள், அப்போது உங்கள் பாயிண்டே போய்விடலாம். போன வருடத்தில் எத்தனை முறை ரூட்டை மாற்றினார்கள் என்று பழைய ஆட்களிடம் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வீடு விருகம்பாக்கத்தில், வாடகை குறைவு என்று எடுத்தேன். பாயிண்ட் வடபழனியில், வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். ஆனால் பஸ் வரும் நேரம் விடிகாலை 4.50. அந்த நேரத்தில் எங்கள் தெருவிலிருந்து மாநகரப் பேருந்து கிடையாது, ஆட்டோக்காரர் கேட்கும் காசை மாதம் முழுக்கக் கொடுத்தால் வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். நடந்தேன். இருட்டில் நாய்களுக்குப் பயந்து கையில் குச்சியோடு அரைமணி நேரம். மழை நாளில் வேட்டி கட்டிக்கொண்டு நடந்து, பேண்ட்டைப் பையில் எடுத்துப்போய் பஸ்ஸில் மாற்றியிருக்கிறேன். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்த அன்றே சைதாப்பேட்டைக்கு மாறினோம். வாடகை இரண்டாயிரம் கூடுதல். சின்னமலை பாயிண்ட் ஏழு நிமிட நடை, ரயில் நிலையம் ஒன்பது நிமிட நடை. அந்த இரண்டாயிரம் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

எந்தத் திசையில் வேலை, எந்தப் பக்கம் வீடு

தெற்கே போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ரயில் இருக்கிறது. சென்னைக் கடற்கரை (பீச்) நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை 60 கிலோமீட்டர். மகிந்திரா சிட்டிக்குப் பரனூர், மறைமலைநகருக்கு அதே பெயரில் நிலையம், ஒரகடத்துக்குச் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி மேற்கே போக வேண்டும். காலையில் ஊரே பீச் பக்கம் போகும்போது நீங்கள் செங்கல்பட்டுப் பக்கம் போகிறீர்கள், எதிர் நடைமேடையில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி ஏறலாம்.

இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வருகிற ரயில்களில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். வருகிற வண்டியில் ஏறிவிட்டுத் தாம்பரத்தில் இறங்கிக் காத்திருக்காதீர்கள். செங்கல்பட்டு வண்டிகளின் நேரத்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பிடியுங்கள், அதில் ஒன்றை விட்டால் அடுத்தது தாம்பரம் வண்டி மாதிரி உடனே வராது. இன்னொன்று பொத்தேரி. கல்லூரி நாட்களில் காலை எட்டு மணி வாக்கில் செங்கல்பட்டு ரயிலில் உட்கார இடம் இருக்காது, எல்லாம் காட்டாங்கொளத்தூர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். பொத்தேரியில் பெட்டியே காலியாகிவிடும். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் அதுவரை நிற்கத் தயாராக இருக்க வேண்டும். சாயங்காலம் இதே விஷயம் நமக்குச் சாதகம்: நாம் சிங்கப்பெருமாள்கோவிலிலோ பரனூரிலோ பொத்தேரிக்கு முன்பே ஏறிவிடுவதால் ஜன்னலோரம் கிடைக்கும்.

தெற்கே வேலை என்றால் மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே தேடுங்கள். கிண்டியிலும் பரங்கிமலையிலும் மெட்ரோவும் இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் அண்ணா சாலைப் பக்கமோ கோயம்பேட்டுப் பக்கமோ வேலைக்குப் போவதாக இருந்தால் இந்த இரண்டு இடத்துக்குப் பக்கத்தில் எடுப்பது இருவருக்கும் நல்லது.

மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். இங்கே ரயில் கிடையாது, முழுக்கச் சாலைதான். எனவே கம்பெனி பஸ் இல்லாத வேலை என்றால் சென்னைக்குள் வீடு எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் இருந்தால் வடபழனி, போரூர், பூந்தமல்லி வரிசையிலோ கோயம்பேடு, மதுரவாயல் வரிசையிலோ பாயிண்டுக்குப் பக்கத்தில் எடுங்கள். வெளியே போகிற திசை என்பதால் சாலை காலியாக இருக்கும் என்று இங்கே நம்பக் கூடாது. காலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போகிற கம்பெனி பஸ்களே ஒரு பெரிய கூட்டம், கூடவே கண்டெய்னர் லாரிகள்.

பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரிலும் அதே கதைதான். சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் போகிறவர்கள் காலையில் வெளித்திசையில்தான் நெரிசலில் மாட்டுகிறார்கள், சோழிங்கநல்லூர் தாண்டினால்தான் மூச்சு விடலாம். பறக்கும் ரயில் ஓஎம்ஆரை விட்டு வேளச்சேரிப் பக்கம் திரும்பிவிடுகிறது. திருவான்மியூர் பக்கம் வீடு இருந்தால் பிராட்வேயிலிருந்து வருகிற 102 வரிசை பஸ்ஸோ கம்பெனி வண்டியோ பிடிக்கலாம். அண்ணா நகரில் இருந்துகொண்டு தினமும் சிறுசேரி போக நினைக்காதீர்கள்.

வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் ரயில், நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வாக்கில். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் எல்லாம் இந்தப் பாதையில் வருகின்றன. விம்கோ நகர் வரை மெட்ரோவும் 2021 முதல் ஓடுகிறது. ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கும் ஸ்ரீசிட்டிக்குப் போகிறவர்களுக்கும் இதே பாதை, இன்னும் வடக்கே தடா. அந்தப் பக்கம் நான் போனது நாலைந்து முறைதான், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் ஒத்திகை

வீடு பிடித்துவிட்டதா? சரி, காசு கொடுக்காதீர்கள். வேலை நாள் ஒன்றில், உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆலை கேட் வரை போய்த் திரும்பி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து "ஒன்றரை மணி நேரம்தான்" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தைக் கவனமாகப் பாருங்கள். காலையில் கம்பெனிக்கு ஆள் வேண்டும், அதனால் எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். சாயங்காலம் நமக்குத்தான் வீடு வேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பும் பஸ் படப்பை, முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வர ஒரு நேரம், பெருங்களத்தூர் பக்கம் மாட்டினால் இன்னொரு நேரம். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றரைக்குப் பாயிண்டில் இறங்கினால் அங்கிருந்து வீட்டுக்குப் போகும் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதும் ஒத்திகையில் பார்க்க வேண்டிய விஷயம். பெண்கள் இதை அவசியம் பாருங்கள், கூட யாரையாவது அழைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கே போய்ப் பாருங்கள்.

வீட்டு உரிமையாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்

ஷிப்ட் வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சென்னையில் பல வீடுகளில் இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். நள்ளிரவில் வருகிறவருக்குத் தனிச் சாவி வேண்டும், அதை வாய் வார்த்தையாக விடாமல் சாவி கையில் வாங்கிய பிறகு சாமான் ஏற்றுங்கள். தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள், விடிகாலை நாலு மணிக்குக் குளிக்கிற ஆளுக்கு மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீர் லாரி வரும் நாளில் பிடித்து வைக்க வீட்டில் ஆள் இருப்பார்களா என்பதையும் யோசியுங்கள்.

இரவு ஷிப்ட் உண்டு என்றால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் கடைசி மாடி வீட்டை எடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் பகலில் அந்த வீட்டில் யாராலும் தூங்க முடியாது, கூரையிலிருந்து சூடு அடுப்பு மாதிரி இறங்கும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பகல் தூக்கம் கெட்டவன் இரவில் இயந்திரத்தின் முன் நிற்பது ஆபத்து, இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தரைத்தள வீடு என்றால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று உரிமையாளரிடம் கேட்காமல் எதிர்க் கடையில் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவாகத் தெரிந்தால் இந்தக் கேள்வியை இரண்டு கடையில் கேளுங்கள். நாம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேலையில் இருக்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஓடிவரக்கூட வழி இருக்காது.

அட்வான்ஸ் பற்றி ஒன்று: முன்பெல்லாம் பத்து மாத வாடகை கேட்பார்கள், இன்னும் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பேசினால் பாதியாவது குறையும்.

டிக்கெட்டும் பாஸும்

கம்பெனி பஸ் இருந்தாலும் ரயிலுக்குச் சீசன் டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். புறநகர் ரயிலில் மாதச் சீசனின் விலை ஏறக்குறைய பதினைந்து ஒற்றைப் பயணத்துக்கு உண்டான காசு. மாதம் எட்டு நாள் போய் வந்தாலே கட்டுப்படியாகிவிடும். மூன்று மாதச் சீசன் எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அதோடு தரும் அடையாள அட்டையைச் சீசனோடு சேர்த்தே வைத்திருங்கள், அட்டை இல்லாமல் பரிசோதகரிடம் மாட்டினால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வரும், குறைந்தது 250 ரூபாயும் கட்டணமும். ரயில்வே செயலியில் எடுத்தால் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் கடற்கரை செங்கல்பட்டுப் பாதையில் ஏசி மின்சார ரயில் வந்தது, சாதாரணச் சீசனை வைத்துக்கொண்டு அதில் ஏறக் கூடாது. புது ஆட்கள் அவசரத்தில் ஏறிவிடுகிறார்கள்.

மாநகரப் பேருந்தில் மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் ஏசி தவிர மற்ற பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் காசு கிடையாது, முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்திருப்பது அந்த பஸ். ஆனால் விடிகாலையில் அது வருகிறதா என்பதை உங்கள் நிறுத்தத்தில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு மேல் டிக்கெட்டில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி பன்னிரண்டு கிலோமீட்டர்

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே முடிவு செய்து, ஒருமுறை அந்த வழியில் போயும் பார்த்துவிடுங்கள். பஸ் ஒரு நிமிடம் முன்னால் போய்விடும், அதற்காக யாரும் வருத்தப்படப் போவதில்லை. என் மாற்றுவழி சைதாப்பேட்டையிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரை ரயில், ஒரு மணி நேரம் வாக்கில். அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர். ரயில் பயணத்தைவிட அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கவலை.

ஷேர் ஆட்டோ, பஸ் இரண்டும் கிடைக்கும், ஷிப்ட் ஏறும் நேரத்தில் ஆட்டோ நிரம்பிக் கிளம்ப அதிக நேரம் ஆகாது. மற்ற நேரத்தில் ஆள் சேரும் வரை உட்கார வேண்டியதுதான். எங்களில் சிலர் செய்கிற ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது: ஒரு பழைய இரு சக்கர வண்டியை வாங்கி, வெளியூர் முனையில் நிலையத்து ஸ்டாண்டிலேயே மாத வாடகைக்கு நிறுத்தி வைப்பது. இரவு முழுக்க வண்டி அங்கே நிற்கும், காலையில் ரயிலிலிருந்து இறங்கி எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொண்டால் செலவு பாதி. வண்டி பழையதாக இருக்கலாம், பிரேக்கும் முன்விளக்கும் இன்சூரன்ஸும் புதிதாக இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே ஒரகடம் வரை இரு சக்கர வண்டியில் போய்விடலாம் என்று சின்ன வயசுப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சாலையில் கார் ஏற்றும் நீள டிரெய்லர்கள் இரவில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வந்து அதன் பின்னால் மோதியவர்களை எனக்குத் தெரியும். ஒருவன் என் லைனில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். இன்றும் ஊன்றுகோலோடு நடக்கிறான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும். சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போகும்போதோ வரும்போதோ நடக்கும் விபத்தையும் வேலையில் ஏற்பட்ட காயமாக எடுத்துக்கொள்ள 2010இல் சட்டத்தில் திருத்தம் வந்தது. நேரமும் இடமும் வேலைக்குப் போவதோடு பொருந்த வேண்டும். ஊர் விலாசத்தைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் குடியிருந்தால் அந்தப் பொருத்தத்தைக் காட்டுவது கஷ்டம். வீடு மாறிய வாரமே கம்பெனியிலும் ஈஎஸ்ஐ பதிவிலும் விலாசத்தை மாற்றுங்கள்.

நாட்காட்டியைப் பார்க்கப் பழகுங்கள்

வெளித்திசையில் போகிறவர்களுக்கு ஊரின் நெரிசல் வேறு கணக்கில் வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாட்களில் சென்னை முழுக்க, தாம்பரம், செங்கல்பட்டு வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே கிளம்பும். அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால் மதியமே கூட்டத்தோடு கூட்டமாக நாமும் மாட்டுவோம், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், முடிந்தால் அன்று ரயில். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூரை ஒட்டித்தான் அந்தக் கூட்டம் சேர்கிறது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை விடிகாலையில் எல்லோரும் திரும்புவார்கள். காலை ஷிப்டுக்கு நாம் போகிற பக்கம் காலியாக இருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வருகிறவர்கள்தான் பாவம், பரனூரிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து வர வேண்டும். நான் அந்தத் திங்கட்கிழமைகளில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதே இல்லை, சிங்கப்பெருமாள்கோவிலில் ரயில் பிடித்துவிடுவேன்.

அரசு விடுமுறை நாட்களில் புறநகர் ரயில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும், ஆலைக்கு அன்று விடுமுறை இருக்காது. தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை ரத்து செய்யும் அறிவிப்பும் முந்தின நாள்தான் செய்தித்தாளில் கண்ணில் படும். இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஆலை லாக்கரில் ஒரு ஜோடி துணி, துண்டு, செருப்பு, இரண்டு நாள் மாத்திரை வையுங்கள். பெருமழையில் பஸ் கிளம்பாமல் இரவு அங்கேயே தங்கும்படி எனக்கு மூன்று முறை ஆகியிருக்கிறது. வடக்குப் பக்கத்துக்காரர்கள் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரலிலிருந்து ரயிலே கிளம்பாது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பும் வீடும்

காலை ஷிப்ட் வாரத்தில் இரவு எட்டரைக்குப் படுக்க வேண்டும். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், பிள்ளை பேசிக்கொண்டிருக்கும், கஷ்டம்தான். பஸ்ஸில் தூங்குவதைத் தூக்கம் என்று கணக்கு வைக்காதீர்கள். முதல் இரண்டு வருடம் நான் அப்படிக் கணக்கு வைத்துத்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். கழுத்தில் சுற்ற ஒரு தடித்த துண்டு எடுத்துப்போங்கள், ஜன்னல் கம்பியில் தலை மோதாது.

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, கம்பெனி பஸ்ஸிலும் கிடையாது. இதனால் எங்கள் ரூட்டில் வரும் பெண்கள் பலர் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. உடம்புக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் முன் பதினைந்து நிமிடம் கொடுக்கச் சொல்லி எங்கள் ரூட்டில் எல்லோருமாகச் சேர்ந்து கேட்டோம், பத்து நிமிடம் கொடுத்தார்கள். உங்கள் ரூட்டிலும் கேளுங்கள், ஆண்களும் சேர்ந்து கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்களிடம் உங்கள் ஷிப்ட் அட்டவணையை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். ரூட்டில் கூட வருகிற இரண்டு பேருடைய எண்ணும் டிரைவர் எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். நான் வர இரவு ஒரு மணி ஆன ஒரு நாளில், போனும் அணைந்துபோய், மனைவி பாயிண்டில் வந்து நின்றிருந்தாள். அன்றைக்கு ஒட்டிய தாள்தான் அது.

சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம், வாசலை விட்டு இறங்கும் நேரத்தையும் திரும்பி வாசலில் ஏறும் நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள். மழை நாள், பண்டிகை நாள், வண்டி பழுதான நாள் எல்லாம் சேரட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் வாரத்தில் இரண்டுக்கு மேல் வந்தால் அந்த வீடு உங்களுக்குச் சரிப்படவில்லை. பத்தாவது மாதமே உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, அதே நோட்டை வைத்துக்கொண்டு பாயிண்டுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வீடு தேட ஆரம்பியுங்கள்.